இலை வண்டிக்கு வேறு எஞ்சின்

அக்கா,

இன்று காலை ஜெலுத்தோங் சாலையில் டீசல் நிரப்பிவிட்டுக் குழாயை வெளியே எடுக்கும்போது கொஞ்சம் என் கையில் சிந்திவிட்டது. அங்கேயே துடைத்தேன். வீட்டுக்கு வந்து சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினேன். மத்தியானம் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது அந்த வாசம் அப்படியே இருந்தது. சாப்பிடாமல் கையை முகர்ந்துகொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் எப்போதும் இருந்த வாசம் அது. அதோடு நீங்கள் அப்பிக்கொள்ளும் முகப் பவுடர் வாசமும் சேர்ந்திருக்கும். லிஃப்டில் நீங்கள் போய் ஐந்து நிமிடம் கழித்து ஏறுகிறவர்கள்கூட, "இலைக்கார அக்கா இப்பத்தான் எறங்குனாங்க போல" என்பார்கள்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய சிலவற்றை நான் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

சுங்கை பினாங் அடுக்குமாடியில் நீங்கள் நான்காவது மாடி, நானும் அம்மாவும் ஆறாவது மாடி. பதினெட்டு வருடம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, விரல் நகத்தைவிடச் சின்னச் சில்லுகளில் கீறல் தேடிக்கொண்டிருந்தவள் நான். ஒரு நாள் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். அடுத்த இரண்டு மாதம் தாழ்வாரத்தில் நின்று கீழே வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பிக்கப் வண்டியிலிருந்து வாழை இலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டே அண்ணாந்து பார்த்து, "ஏய் கோமு, மேல நின்னு என்னா காடி எண்ணுற? கீழ எறங்கி வந்து எல எண்ணுலா!" என்று கத்தினீர்கள். மாடி மாடியாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. வெட்கத்தில்தான் இறங்கி வந்தேன். அப்படியே உங்களோடு ஒட்டிக்கொண்டேன்.

அந்த வண்டி உங்கள் வீட்டுக்காரர் வைத்திருந்தது. அவர் இறந்ததும் எல்லாரும் விற்கச் சொன்னார்கள். நீங்கள் அதை ஓட்டக் கற்றுக்கொண்டு, பெருநிலத்தில் கூலிம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இலை ஏற்றிக் கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வந்து, லிட்டில் இந்தியா சாப்பாட்டுக் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போட ஆரம்பித்தீர்கள். ஸ்டியரிங்குக்கு மேலே உங்கள் கொண்டை மட்டும்தான் தெரியும். போலீஸ்காரர்கள் இரண்டு முறை வண்டியை நிறுத்தி, ஓட்டுகிற ஆள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் வந்து சேர்ந்தபோதே எஞ்சினுக்கு வயதாகிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை மூன்றாவது மாடி வரை ஏறும். துணி காயப்போட்டவர்கள் திட்டுவார்கள். எஞ்சின் எண்ணெயை அது குடிக்கிற வேகத்துக்கு நாம் ஊற்றிக்கொண்டே இருந்தோம். பாலத்தின் ஏற்றத்தில் சைக்கிள் வேகத்துக்கு வந்துவிடும். நீங்கள் முன்னால் குனிந்து, அது என்னவோ உங்கள் முதுகில் ஏறி வருவதுபோல, "வா சாமி, வா சாமி" என்பீர்கள்.

கடைசியில் அந்தக் கல்யாணத்தன்று நின்றது. அறுநூறு இலை. மண்டபத்தில் பதினொரு மணிக்குப் பந்தி. பாலத்தின் நடுவே, உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல நாலைந்து அடி கேட்டது. பிறகு ஒரு பெரிய சத்தம். கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை. வண்டியை எப்படியோ இடது ஓரத்தில் சேர்த்துவிட்டீர்கள். கீழே குனிந்து பார்த்தால் கறுப்பு எண்ணெய் தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் லாரிகள் போகப் போகப் பாலமே அதிர்ந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அழுதா எல நடந்து போயிடுமா? கைய காட்டு, கைய காட்டு!" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் இருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து வீசினீர்கள்.

நின்றது ஒரு மீன் லாரி. பெருநிலத்துச் சந்தையில் மீனை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெட்டிகளை ஒதுக்கிவிட்டு அவரே கட்டுகளைத் தூக்கிப் போட்டார். இழுவை வண்டிக்காக நீங்கள் அங்கேயே நின்றுவிட்டு என்னை அவரோடு அனுப்பினீர்கள். மண்டபத்துக்குப் பின்னால் நானும் சமையல்காரப் பெண்கள் நால்வரும் அறுநூறு இலையையும் மஞ்சள் தண்ணீரில் கழுவி, எலுமிச்சம்பழம் தேய்த்தோம். அப்படியும் வாசம் போகவில்லை. பந்தி தொடங்கும் நேரத்துக்கு நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். பெண்ணின் மாமா இலையை முகர்ந்துவிட்டு, "என்னாங்க, மீன் வாசம் அடிக்குது?" என்றார்.

"கடக் காத்துண்ணே. பாலத்து மேல வந்த எல இல்லையா?" என்றீர்கள், முகம் மாறாமல். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். நீங்கள் குசினிக்குள் ஓடிப்போய் அரிசி மூட்டையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தீர்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பிழைப்பே போன பொம்பளை இப்படிச் சிரிக்க முடியுமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வண்டியைப் பார்த்த பட்டறைப் போமன் ஆ லியோங், எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த ஓட்டைக்குள் தன் கட்டைவிரலை விட்டுக் காட்டினார். உள்ளே பிஸ்டன் தண்டு உடைந்து இரும்பையே குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. "இதைப் பிரிச்சு ரிப்பேர் பண்ண முடியாது, அக்கா. இரும்புக் கடைக்குப் போடுங்க" என்று மலாயில் சொன்னார்.

"வண்டி?"

"வண்டியையும்தான்."

நீங்கள் பட்டறையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். கொஞ்ச நேரம் அந்த ஓட்டையையே பார்த்தீர்கள். பிறகு, "பாடி நல்லா இருக்கு. கியர் பாக்ஸ் நல்லா இருக்கு. எஞ்சின் மட்டும்தானே போச்சு? வேற எஞ்சின் வைக்கலாம்" என்றீர்கள். இந்த வண்டி தாங்காது என்று அவர் மூன்று காரணம் சொன்னார். மூன்றையும் கேட்டுவிட்டு, "எப்ப ஆரம்பிக்கிற?" என்றீர்கள்.

இங்கேதான் நான் உங்களிடம் மறைத்த விஷயம் வருகிறது. அதே வாரம் பழைய தொழிற்சாலையிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. புதுப் பிரிவு திறக்கிறார்கள், பழைய ஆட்களுக்கு முதல் இடம், மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தால் அம்மாவுக்கு வைத்தியச் செலவும் கிடைக்கும். கடிதத்தை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். வாடகை வேனில் இலை ஏற்றி, அது கசங்கிப்போய், கடைக்காரர்களிடம் நீங்கள் பேச்சு வாங்கிய நாட்களில் அதை எப்படிச் சொல்வது? உள்ளுக்குள் ஒரு பக்கம் எஞ்சின் கிடைக்காமல் போனால் நல்லது என்றுகூட நினைத்தேன். இதை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

எஞ்சின் தேடிப் பெருநிலத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஜப்பானில் கழித்துப் போட்ட வண்டிகளிலிருந்து பெயர்த்தெடுத்த எஞ்சின்கள், தகரக் கொட்டகைக்குள் வரிசை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நம் வண்டி ரகத்துக்கு இரண்டுதான் இருந்தன. கடைக்காரர் முதலாவதைத் தட்டி, "புதுசு மாதிரி ஓடும், அக்கா" என்றார் தமிழிலேயே.

"ஓட்டிக் காட்டுங்க" என்றீர்கள்.

வெளியே எடுத்து வைத்து, பேட்டரியும் ஒரு டின் டீசலும் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். அது ஒரே சீராகத் தாளம் போட்டது. உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. "இதான் கோமு" என்றீர்கள்.

எனக்கு எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கண் பழகிய வேலையை விடாது. எஞ்சினின் உடம்பில் அடித்திருந்த எண்களைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். கடைசிக்கு முந்தின எண் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக இருந்தது. அதைச் சுற்றி இரும்பு லேசாகத் தேய்ந்து பளபளத்தது.

"அக்கா, இந்த நம்பர அழிச்சிட்டு மறுபடியும் அடிச்சிருக்காங்க."

"என்னம்மா பேசுறீங்க? இது கம்பெனியில அடிச்சது" என்று கடைக்காரர் குரலை உயர்த்தினார். நான் பின்வாங்கிவிட்டேன். நீங்கள் பின்வாங்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தீர்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நிமிர்ந்து, "என் தங்கச்சி பதினெட்டு வருசம் இந்த வேலதான் பாத்திச்சு. அது சொன்னா சரியாத்தான் இருக்கும். அடுத்தத காட்டுங்க" என்றீர்கள்.

அக்கா, பதினெட்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாவது எஞ்சின் பார்வைக்கு அழுக்காக இருந்தது. எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கத்தை விரலால் வழித்துப் பார்த்தீர்கள். தண்ணீர் கலந்திருந்தால் பால் காப்பி நிறத்தில் இருக்கும் என்று ஆ லியோங் சொல்லி அனுப்பியிருந்தார். கறுப்பாகத்தான் இருந்தது. எண்களும் ஒரே ஆழம். சத்தம் மட்டும் முதலாவதைப் போல அழகாக இல்லை. "கொஞ்சம் தொண்ட கட்டியிருக்கு, அவ்ளோதான்" என்று சொல்லி அதையே எடுத்தீர்கள்.

பழைய எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கிய அன்று வண்டியின் முன்பக்கம் வெறும் குழியாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, "இவ்ளோ எடமா இருந்துச்சு?" என்றீர்கள். தொங்கிக்கொண்டிருந்த பழைய இரும்பை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினீர்கள். உங்கள் வீட்டுக்காரரை நினைக்கிறீர்கள் என்று நான் தள்ளி நின்றேன். திரும்பி, "எங்கூட்டு மனுசன் இருந்தா இந்நேரம் வண்டிய வித்துட்டு மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பாரு. சோம்பேறி" என்றீர்கள். கண் மட்டும் ஈரமாக இருந்தது.

புது எஞ்சினின் தாங்கிகள் ஒரு பக்கம் பொருந்தவில்லை. வெட்டி ஒட்டவைக்க நான்கு நாள் ஆனது. கடைசி நாள் காலை நாம் இருவரும் பட்டறையில் இருந்தோம். டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தது. அதை வெளியேற்ற ஒரு சின்னப் பம்பைக் கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆ லியோங் அமுக்கினார், நான் அமுக்கினேன், பிறகு நீங்கள். நுரை நுரையாக வந்த டீசல் தெளிந்தது. சாவியைத் திருப்பினீர்கள். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினீர்கள். இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. வெளியே ஓடிப்போய்ப் புகைக்குழாயைப் பார்த்தீர்கள். "கோமு, பொகையே இல்லலா! பாரு, பொகையே இல்ல!" என்று குழந்தைபோலக் குழாய்க்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினீர்கள். ஆ லியோங் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கைதட்டினார். நானும் தட்டினேன். அரிசி டின்னுக்கு அடியில் இருந்த கடிதத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டிவிட்டு, எஞ்சின் நம்பரை மாற்றிப் பதியச் சாலைப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். என்னையும் கட்டாயம் வரச் சொன்னீர்கள். சாட்சிக்கு என்று நினைத்துக்கொண்டேன். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் தாள்களைப் புரட்டிவிட்டு, வாங்குகிறவர் யார் என்று கேட்டார். நீங்கள் என்னைக் காட்டினீர்கள்.

"என்னக்கா இது? எஞ்சின் நம்பர் மாத்தத்தானே வந்தோம்?"

"அது முடிஞ்சிருச்சு. இப்ப கிராண்ட்ல பேர மாத்துறோம். கட்டவெரல இதுல வையி."

கிராண்ட் என்றால் வண்டியின் உரிமைப் பத்திரம். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "எனக்கு எதுக்கு வண்டி? நான் வைக்க மாட்டேன்."

"கோமு, அன்னிக்கு அரிசி கடன் வாங்க வந்தேன்ல? ஒங்கம்மா டின்ன நகத்துனாங்க. கடுதாசியப் பாத்துட்டேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். நீங்கள் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"வண்டி என் பேர்ல இருந்தா, நீ ஒரு நாள் சாவிய என் கையில குடுத்துட்டுப் போயிடலாம். ஒன் பேர்ல இருந்தா சாவிய யார்கிட்ட குடுப்ப?"

"அக்கா, அம்மாவுக்கு மருந்து…"

"தெரியும். அதையும் சேத்துத்தான் யோசிச்சேன். போகணும்னா போ. வித்துட்டுப் போ. ஆனா யாரோ ஒருத்தர் வேணாம்னா வீட்டுக்குப் போற ஆளா போகாத. ஒன் வண்டிய நீ வித்துட்டுப் போ."

அந்த அதிகாரி ஒரு முறை உங்களைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார். "மாச்சாம் மானா, காக்?" என்றார், என்ன செய்யலாம் அக்கா என்று மெதுவாக. நான் விரலை வைத்தேன். இலைப் பால் கறையில் என் ரேகை பதியவில்லை. அவரே ஒரு தாளால் என் விரலைத் துடைத்துவிட்டார். மூன்றாவது முறை பதிந்தது.

தொழிற்சாலைக்கு நான் பதில் எழுதவில்லை. அந்தத் தேதி ஒரு வெள்ளிக்கிழமையாக வந்து போனது. அன்று முந்நூற்றைம்பது இலை போட்டோம்.

வண்டி என்னுடையது என்றால் நான்தான் ஓட்ட வேண்டும் என்று அடுத்த வாரமே ஆரம்பித்தீர்கள். லைசென்ஸ் இருந்ததே தவிர, பாலத்தில் நான் ஓட்டியதே இல்லை. முதல் நாள் நீங்கள் பக்கத்தில் ஏறி, "எனக்குத் தூக்கமா வருது, நீ பாத்து ஓட்டு" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். லேசாகக் குறட்டைகூட விட்டீர்கள். இந்த மனுஷிக்கு என்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று பொங்கிக்கொண்டு ஓட்டினேன். பாலம் இறங்கியபின் ஓரக் கண்ணால் பார்த்தால், உங்கள் இரண்டு காலும் விறைத்துப்போய், இல்லாத பிரேக்கைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தன. நான் பார்த்ததை உங்களிடம் சொல்லவே இல்லை. ஒரு மாதம் அப்படியே தூங்கி வந்தீர்கள்.

அந்த எஞ்சினோடு ஏழு வருடம் சேர்ந்து ஓடினோம். அம்மா போனபோது நீங்கள் இருந்தீர்கள். சர்க்கரை உங்கள் கால்களைப் பிடித்த பிறகு, கடைசி ஒரு வருடம், நீங்கள் வீட்டிலிருந்து போனில் வண்டி ஓட்டினீர்கள். "பாலத்துல ஜாமா? எந்த லேன்ல நிக்கிற?" ஆஸ்பத்திரியில் படுத்த கடைசி வாரம் நான் லீவு போடட்டுமா என்று கேட்டேன். முறைத்தீர்கள். வியாழக்கிழமை இலை போட்டுவிட்டு நேராக வந்தேன். உங்கள் பேச்சு குழறிவிட்டிருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"எல போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சுக்கா. நானூறு."

"கிழிசல்?"

"பத்துகூட இல்ல."

தலையை ஆட்டினீர்கள். சனிக்கிழமை காலையில் போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு நானே தோட்டத்துக்குள் இறங்கி ஒவ்வோர் இலையாகப் பார்த்து வாங்கினேன். ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த உங்கள் மகன் அன்று என்னிடம் தயங்கித் தயங்கி, "அக்கா, வண்டிய என்ன பண்ணலாம்? பேர் மாத்தணும்னா நான் இன்னும் ரெண்டு நாள் இருக்கேன்" என்றார். அவருக்கு நீங்கள் சொல்லவே இல்லை. நான் கிராண்டை எடுத்துக் காட்டினேன். தேதியைப் பார்த்தார். "எட்டு வருசமாச்சா? அம்மா ஏன் உங்களுக்குக் குடுத்தாங்க?"

"நான் போயிடக் கூடாதுன்னு" என்றேன். அவர் சிரித்தார். பிறகு வண்டியின் கதவில் சாய்ந்து நின்று வெகுநேரம் அழுதார். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

அக்கா, போன வாரம் கண் பரிசோதனைக்குப் போனேன். மைக்ரோஸ்கோப் பார்த்த கண்ணுக்கு இப்போது கண்ணாடி வேண்டுமாம். நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். என்ன வேலை என்றாள். "இலை வியாபாரம், சொந்த வண்டி" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அடுத்து, அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். யோசிக்கவே இல்லை. உங்கள் பெயரைச் சொன்னேன். போன் நம்பரையும் தடங்கலில்லாமல் சொன்னேன். உறவு என்ன என்று கேட்டதற்கு, "அக்கா" என்றேன்.

அவள் எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று தாளை என் பக்கம் திருப்பினாள்.

பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

உங்கள்
கோமு